விடைத்தாள்

போர்வெனீர் நண்டு ஆலையில்
இரவுப் பணிக்கு நடுவே இருபது நிமிடம்.
கொதிகலன் அறைச் சுவரில் முதுகைச் சாய்த்து
இஸ்மேனியா கணக்குப் போடுவாள்,
அச்சுப் பிசகிய லேபிள்களின் பின்புறத்தில்.
புத்தகக் கடைசியின் விடைத்தாள் மட்டும் என் கையில்.
வைத்திருந்தால் பார்த்துவிடுவாளாம்;
அவளே கிழித்துக் கொடுத்தாள்.

எனக்குக் கணக்கு வராது.
அவள் சொல்வதும் தாளில் உள்ளதும்
ஒன்றா இல்லையா, அவ்வளவுதான் என் வேலை.
சரி. சரி. தப்பு. சரி.

முதல் வாரம் அடுக்குகள்.
எக்ஸின் தலையில் மூன்று இருந்தால்
அந்த மூன்று இறங்கி முன்னால் வந்து நிற்கும்,
தலையில் ஒன்று குறையும்.
டின் அடுக்குகிறவன் நான்,
அடுக்கு எனக்கும் தெரியும் என்றேன்.
சிரிக்கவில்லை. அடுத்ததைப் போட்டாள்.

மாறிலிக்கு வகைக்கெழு சுழியம்.
"ஏழுக்கும் சுழியம், ஏழாயிரத்துக்கும் சுழியமா?"
"அசையாதது எவ்வளவு பெரிதாயிருந்தால் என்ன?"
அன்று சம்பளச் சீட்டு வந்தது.
நான்கு வருடமாக அதே எண்.
அதை வகையிட எனக்கே தெரிந்தது.

பதினோராவது கணக்கில்தான் சறுக்கல்.
அடைப்புக்குள் ஒன்று, அடைப்பின் தலையில் அடுக்கு.
வெளியே உள்ளதை வகையிட்டு நிறுத்திவிட்டாள்.
தப்பு என்றேன்.
பன்னிரண்டு, தப்பு. பதினான்கு, தப்பு.
பென்சிலை எறிந்தாள்,
பிறகு குனிந்து குழாய்களுக்கடியில் தேடினாள்.
"இரவுக்கு நானூறு நண்டு உரிக்கிறேன்.
ஓட்டை உடைத்துவிட்டுச் சதையை விடுவேனா?
இங்கே மட்டும் விட்டுவிடுகிறேன்."
சங்கிலி விதி என்று பெயராம்.
லேபிள் முழுக்க எழுதினாள்:
உள்ளே. உள்ளே. உள்ளே.

ஆகஸ்டில் ஓர் இரவு,
நீரிணைக் காற்று கூரைத் தகரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தது.
கணக்கு இருபத்தேழு:
மூன்று எக்ஸ் கூட்டல் ஒன்று, மொத்தத்துக்கும் அடுக்கு நான்கு.
"பன்னிரண்டு..." என்று தொடங்கினாள்.
தாளில் நான்கு.
தப்பு என்றேன்.
அழித்துப் போட்டாள். பன்னிரண்டு.
அழிக்காமல் பக்கத்தில் போட்டாள். பன்னிரண்டு.
என்னைப் பார்த்தாள். நான் தாளைப் பார்த்தேன்.
சங்கு ஊத ஆறு நிமிடம்.

"போனை எடு.
எக்ஸ் சுழியமானால் மொத்தம் ஒன்று, சரியா?
இப்போது எக்ஸைக் கொஞ்சம் தள்ளு, நூறில் ஒரு பங்கு."
1.03, தன்னைத்தானே நான்கு தடவை: 1.1255
"எவ்வளவு ஏறியதோ அதை, தள்ளியதால் வகு."
12.55
"இன்னும் கொஞ்சமாகத் தள்ளு."
ஆயிரத்தில் ஒன்று.
12.05
நான்கின் பக்கம் அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
அவள் சொல்லாமலே
என் விரல் இன்னொரு சுழியத்தைத் தட்டியது,
மீன்வாடை அடிக்கும் இந்த விரல்.
12.005

"புத்தகமும் ஓட்டோடு நின்றுவிட்டது" என்றாள்.
பேனாவை என்னிடம் நீட்டினாள்.
அச்சடித்த எண் மேல் கோடு போடக் கை கூசியது.
போட்டேன்.
பக்கத்தில் பன்னிரண்டு, கொஞ்சம் கோணலாக.

சங்கு ஊதியது.
ஈரக் கையுறையை மாட்டும்போது கேட்டேன்:
"அப்படியானால் பதினொன்றும் புத்தகத்தின் பிழையோ?"
"இல்லை. அது நான்."