புறமுதுகு

எங்கள் ஆட்டத்தில்
புறமுதுகு காட்டுவதுதான் சட்டம்.

ஆர்லிந்தோ களத்துக்கு முதுகைத் திருப்பி
என் முகத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்.
வெள்ளைப் பந்து எங்கே கிடக்கிறது,
எதிராளியின் நீலம் எவ்வளவு நெருங்கிவிட்டது,
அவருக்குத் தெரியக் கூடாது.
திரும்பினால் நடுவர் தண்டிப்பார்.
யோசனை சொல்ல வாய் திறந்தாலும்.

இடது, என்பேன். இன்னும்.
இன்னும் ஒரு நூல்.
சரிவுப்பலகையை அவர் நகர்த்துவார்.
என் சொற்கள் நொறுங்கித்தான் வரும்,
"இடது" என்பதற்குள் இரண்டு மூச்சு.
ஆறு பந்து, ஆறு நிமிடம்.
கடிகாரத்துக்கு என்மேல் இரக்கம் கிடையாது.
அதனாலேயே அதை எனக்குப் பிடிக்கும்.

நெற்றியில் கட்டிய கோலால் பந்தைத் தடுத்து நிற்பேன்.
உடம்பு தன் பாட்டுக்கு உதறும்.
ஓர் உதறலுக்கும் அடுத்ததற்கும் நடுவே
கதவிடுக்கு அளவு அமைதி வரும்.
அதற்குள் தலையை எடுத்தாக வேண்டும்.
சிவப்பு உருளும்.
இருபது வருடமாக
அந்த இடுக்கில் நுழையத்தான் பழகுகிறேன்.

ஆர்லிந்தோ முன்பு படகுத்துறையில் கயிறு வீசியவர்.
இப்போது சம்பளத்துக்கு என் பொத்தான்களைப் போடுகிறார்.
தாமதமாக வருவார். புகை நாற்றம்.
புனிதர் என்று யாராவது சொன்னால்
இருவருக்கும் சிரிப்பு வரும்.

வெளியே வேறு சட்டம்.
மருந்துக்கடையில் பேச்சு என் தலைக்கு மேலே போகும்:
"இவங்களுக்கு என்ன வேணும்?"
கேள்வி ஆர்லிந்தோவுக்கு.
காப்பிக்குச் சர்க்கரை போடலாமா? ஆர்லிந்தோவுக்கு.
வாக்குச்சாவடியிலும்கூட.
எனக்கு நாற்பத்து மூன்று வயது. வரி கட்டுகிறேன்.
மேசை விளிம்பு என் கண் மட்டம்,
அதற்கு மேலே பிஸ்கட் டின்,
அதற்கும் மேலே ஒரு மோவாய்.

செதூபலின் தெருக்களைச் சிறு கற்களால் பாவியிருக்கிறார்கள்.
வெளியூர்க்காரர்கள் குனிந்து படம் எடுப்பார்கள்.
அந்தக் கற்களை எனக்குப் பல்லால் தெரியும்,
ஒவ்வொன்றும் சக்கரத்தில் ஏறித் தாடைக்கு வரும்.
மீன் சுடும் புகைக்குள்ளிருந்து யாரோ ஓர் அம்மாள்
என் கன்னத்தைத் தட்டி, "தைரியசாலி" என்பாள்.
நான் ரொட்டி வாங்கப் போய்க்கொண்டிருப்பேன்.

போன மார்ச், எவோராவில் அரையிறுதி.
கடைசிப் பந்து.
நடுவர் மண்டியிட்டு அளவுகோல் வைத்தார்.
எழுந்து வந்து, என் கண்ணைப் பார்த்துச் சொன்னார்:
"நீலம். ஒரு விரற்கடை."
என் சார்பாக யாரும் தோற்கவில்லை.
நானே தோற்றேன்.
அன்று முழுக்க என்னிடம் நேராகப் பேசியது
அந்த ஒரு விரற்கடைதான்.

திரும்பும் வழியில் மழை. நெடுஞ்சாலை உணவகம்.
பரிமாற வந்தவன் சின்னப் பையன், ஒரு காதில் தோடு.
"அவங்க என்ன சாப்பிடுவாங்க?"

ஆர்லிந்தோ பதில் சொல்லவில்லை.
கால்கள் கிறீச்சிட நாற்காலியைத் திருப்பிப் போட்டு
அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.
வாய் இறுக மூடி,
கண் என் முகத்தில்.

பையன் அந்த அகன்ற முதுகைப் பார்த்தான்,
நனைந்த சட்டையைப் பார்த்தான்.
வேறு வழியில்லாமல் கீழே பார்த்தான்.
அங்கே நான் இருந்தேன்.

"கீ" என்றேன்.
உதறல் வந்தது. பொறுத்தேன்.
அவன் பேனாவைச் சொடுக்கிக்கொண்டே நின்றான்.
இடுக்கு திறந்தது.
"கீரை சூப். உறிஞ்சுகுழலோடு."
ஆறு நிமிடம் ஆகியிருக்காது.

வந்தது கோழி சூப்.
திருப்பி அனுப்பவில்லை.
நானே கேட்டு, எனக்கென்றே வந்த பிழை.
சூடாக இருந்தது.

சுற்று முடிந்தால் திரும்பிப் பார்க்க அனுமதி உண்டு.
முடிந்ததா என்று ஆர்லிந்தோ புருவத்தால் கேட்டார்.
இல்லை என்றேன்.
பையனைக் கூப்பிட்டேன்.
வந்தான், இந்த முறை நேராக என்னிடம்.

உப்பு, என்றேன்.
இன்னும்.
இன்னும் ஒரு நூல்.