ஏறு, இறங்கு, நில்

தார்த்து நகரின் நாட்டுப்பாடல் காப்பகத்தில்
மெட்டுகளை மூன்றே சொற்களில் எழுதிவைக்கிறோம்.
முந்தைய சுரத்தைவிட உயர்ந்தால் ஏறு,
தாழ்ந்தால் இறங்கு,
அதுவேயானால் நில்.
எவ்வளவு என்று கேட்பதில்லை.
அரைப்படியோ ஆறு படியோ
ஏறினால் ஏறியதுதான்.

மார்ச் மாதம். பூட்ஸில் பனிச்சேற்றோடு
நான்காம் எண் பேருந்தின் ஓட்டுநர் தாய்வோ வந்தார்.
தினமும் காலை ஆறே முக்காலுக்கு, கடைசி இருக்கையில்,
மீன்கடை ஏப்ரனை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு
ஒருத்தி முணுமுணுக்கிறாளாம்.
"என்ன பாட்டு அது?"

பாடச் சொன்னேன். கூசினார்.
பிறகு மேசை விளிம்பை ஸ்டீயரிங்போலப் பிடித்துக்கொண்டு
ஏழு சுரங்களை வெளியே விட்டார்.
ஏறு ஏறு நில் இறங்கு ஏறு இறங்கு.

இழுப்பறையில் நாற்பத்தொரு அட்டைகள் பொருந்தின.
ஊஞ்சல் பாட்டு ஒன்று, மணமகளின் அழுகை ஒன்று,
மாடு திரும்பவில்லையே என்று
காட்டைப் பார்த்துக் கூவிய ஒன்று,
குடிகாரனை அவன் மச்சினன் ஏசியது நான்கு விதமாக.
கூரைச் சரிவு ஒன்றேதான்;
உள்ளே வேறு வேறு அடுப்பு.

"எந்தச் சுரத்தில் முடித்தாள்?" என்றேன்.
வந்து சேரும் சுரம்தான் வீடு.
அது தெரிந்தால்தான் மற்றவை
வாசலா, கொல்லையா, வழிதவறியதா என்று சொல்லலாம்.
"தெரியாது.
எட்டாவதுக்கு முன்னால்
பாலத்து நிறுத்தம் வந்துவிடுகிறது.
கதவைத் திறக்கிறேன், போய்விடுகிறாள்."
அவளையே கேட்கலாமே என்றேன்.
கேட்டால் அப்புறம் பாடமாட்டாள் என்றார்.

அடுத்த செவ்வாய் மறுபடி வந்தார், காது சிவந்து.
நிறுத்தத்தில் பிரேக்கை மிதிக்காமல்
ஒரு நாற்பது மீட்டர் நழுவ விட்டாராம்.
ஆற்றின் பனி உடையும் சத்தம் கேட்டதாம்.
"முடித்தாளா?"
"எங்கே! அப்படியே விட்டுவிட்டு
என் நிறுத்தம் என்று கத்தினாள்."
"எந்த உயரத்தில்?"

யோசித்தார். மேசை விளிம்பைப் பிடித்தார்.
'என்' எங்கோ மேலே போயிற்று.
'நிறுத்தம்',
பாட்டு தொடங்கிய அதே சுரத்தில்
பையைக் கீழே வைப்பதுபோல வந்து உட்கார்ந்தது.

கத்தல் மெட்டாகாது. விதிப் புத்தகத்தில்
முதல் பக்கத்திலேயே இருக்கிறது.
தலைமையாளர் தேநீருக்குப் போகும்வரை பொறுத்திருந்து
அழித்தால் அழியும்படி பென்சிலால் எழுதினேன்:

நாற்பத்திரண்டு.
பாடியவர் பெயர் தெரியாது.
சேகரித்தது நான்காம் எண் பேருந்து.
ஏறு ஏறு நில் இறங்கு ஏறு இறங்கு,
பாலம்,
ஏறு,
இறங்கு.