ஒரு கிலோ

அரிச்சல்முனையில் சாலை முடிகிற வளைவில்
தூணைச் சுற்றித்தான் அதிகம் கிடக்கும்.
இடப்பக்கம் பெண்கடல், வலப்பக்கம் ஆண்கடல்,
இரண்டும் சேர்வதைப் படமெடுக்க
இரண்டு கையும் வேண்டும் என்று
வாயிலிருப்பதைக் காலடியில் போடுவார்கள்.

மணல் அதை உடனே மூடாது.
கொஞ்சம் யோசிக்கும்.
அதற்குள் நான் குனிந்துவிட வேண்டும்.

ஒரு கிலோவுக்கு நாலாயிரத்துச் சொச்சம்.
நான் எண்ணியதில்லை.
இடுப்பு எண்ணியிருக்கிறது.

ஈரமென்றால் தொம்மை அண்ணன் எடைபோட மாட்டார்.
உள்ளங்கையில் வைத்துப் பிழிந்து பார்ப்பார்.
முன்பு நண்டு வியாபாரம்,
தண்ணீர் குடித்த எடை அவருக்குத் தெரியும்.
நம்புசெல்வி ஒருநாள் கடல்தண்ணி தெளித்துக் கொண்டுவந்து
பையோடு திரும்பிப் போனாள். பேசவில்லை.
மறுநாள் எங்களுக்கெல்லாம் முன்னால் வந்து நின்றாள்.

பாசி எடுக்கப் போனபோதும் இதே குனிவுதான்.
விரலில் துணி சுற்றிக்கொள்வதும் அதே.
அப்போது பாதி உடம்பைத் தண்ணீர் தாங்கியது.
தீவுப்பக்கம் போகாதே என்று படகைப் பிடித்த பிறகு
கரையில் முளைத்த பாசி இது.

மண்டபத்துக் கொட்டகையில் உட்கார்ந்து உரிப்போம்.
தாள் ஒரு வாளி.
புகையிலைத் தூள் ஒரு வாளி, குழியில் மட்க.
பஞ்சு மட்டும் தொட்டிக்கு:
மருந்தில் ஒருநாள், நல்ல தண்ணீரில் ஏழுமுறை.
பஞ்சு என்று சொல்கிறோமே தவிர
எந்தச் செடியிலும் அது வெடித்ததில்லை.

முதல் தண்ணி டீச்சாயம் மாதிரி இறங்கும்.
அதை எங்கே ஊற்றுவீர்கள் என்று
பார்க்க வந்த கல்லூரிப் பெண் கேட்டாள்.
தொம்மை அண்ணன் கூரையைப் பார்த்தார்.
நீலப் பீப்பாய்களில் நிற்கிறது.
லாரி வரும் என்றிருக்கிறார்கள்.

காய்ந்தால் வெள்ளைவெளேர்.
துணி ஆவுளியாவுக்குள் திணித்து வயிற்றைத் தைப்போம்.
பாம்பன் பாலத்துக் கடையில் இருநூற்றைம்பது.
காரிலிருந்து இறங்கிய பிள்ளை கட்டிப்பிடித்துக்கொள்ளும்.
அப்பா பணத்துக்குச் சட்டைப்பையைத் துழாவுவார்,
முதலில் கைக்கு வருவது சிகரெட் பெட்டி.

என் வீட்டுக்காரர் பீடி.
பீடிக்குப் பஞ்சு கிடையாது.
எங்கள் ஆட்கள் இழுத்ததில் கரைக்கு ஒன்றும் மிஞ்சாது,
மொத்தமும் நெஞ்சுக்கு.
பையோடு அங்கே இறங்கிப் பொறுக்க
யாருக்கும் வழியில்லை.

வால் கோணி விலைபோகாத ஒன்றை
வீட்டுக்கு எடுத்துப்போகச் சொன்னார்கள்.
இருமல் படுக்கவிடாத ராத்திரி
அதை மடக்கித் தலைக்கு வைத்துக்கொண்டார்.
நிஜ ஆவுளியா ஒருதரம் வலையில் ஏற
வலையை அறுத்து அதை விட்டவர்.
மூச்சுக்காக மேலே வந்ததாம்,
மனுசர் மாதிரியே சத்தமாம்.

மோந்து பார்த்தார்.
"பெரிய இடத்துப் புகை."
ஏழு தண்ணி ஊத்தியாச்சு என்றேன்.
"எட்டாவது ஊத்து."
சிரிக்கப் போனவர் இருமலில் மாட்டிக்கொண்டார்.
முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்,
கையில் இன்னும் அந்த மருந்து வாசம்.

நாளை ஞாயிறு.
முதல் பஸ்ஸில் நம்புசெல்வி இடம் போட்டிருப்பாள்.
கச்சான் எழும்புவதற்குள் போய்ச் சேரணும்.
எழும்பிவிட்டால் அத்தனையையும் பெண்கடலுக்குள் தள்ளிவிடும்.
அவள் திருப்பிக் கொடுக்காமல் இருப்பதில்லை.
கொடுப்பதெல்லாம்
ஈரமாக இருக்கும்.