மிச்ச ஆயுள்

கீழ ரதவீதி, கதவு எண் 41/2.
வங்கிக்காக அளக்க வந்தவன் நான்.
முகப்பில் சுதைச் சேவகன் ஒருவன்,
தலைப்பாகையும் தோல்பையுமாக,
மூக்கு உதிர்ந்து.
அவன் காலடியில் சுண்ணாம்பு எழுத்தில்
நெல்லைச் சேவகன், தினசரி.
அந்த 'லை' இன்னும் தும்பிக்கை தூக்கி நிற்கிறது.
வெள்ளையடிக்க வந்த பையன்
ஏதோ பூவேலை என்று நினைத்து
அதற்கு மட்டும் பச்சை பூசிவிட்டுப் போயிருக்கிறான்.

சுவர் இருபத்திரண்டு அங்குலம்.
கடுக்காயும் கருப்பட்டியும் போட்டரைத்த சாந்து.
தட்டினால் உளிதான் சத்தம் போடுகிறது.
உத்தரம், வைரம் பாய்ந்த பனை.
கீழே இயந்திரக் குழி:
பாறை தட்டும்வரை தோண்டியிருக்கிறார்கள்.
அப்படியும் ராத்திரி இரண்டு மணிக்கு
பக்கத்து வீட்டு அடுக்குப் பானைகள்
இறங்கி நடக்குமாம்.
காவலுக்கு இருக்கும் மாசானமுத்து சொன்னார்,
சிரிக்காமல்.

சந்துப் பக்கம் ஒரு ஜன்னல், கம்பி கிடையாது.
பாபநாசம் முதல் பஸ்ஸுக்குக் கட்டுகளை
அதன் வழியாகத்தான் தள்ளினார்கள்.
கருங்கல் விளிம்பில் சணல் உரசி உரசி
கிணற்றங்கரைக் கல்லில் போல
நாலு பள்ளம்.
படிவத்தில் எழுதினேன்:
ஜன்னல் ஒன்று, பழுது.

மாடி ஏறியதும் கோபம் வந்தது.
ஈயத்தை எவன்வே மாடியில் வைப்பான்?
வடக்கு வெளிச்சம் வேண்டுமென்று
முதலாளி சங்குமுத்துப் பிள்ளை
அச்சுக்கோக்கும் அறையை மேலே கட்டிவிட்டார்.
பதினோரு ஜன்னல், ஒரே திசை பார்த்து.
வெயில் வாசலோடு நின்றுகொள்ளும்,
வெளிச்சம் மட்டும் உள்ளே வரும்.
கண்ணுக்கு நல்லதுதான்.
உத்தரத்துக்கு?
நடுத்தரையில் ஒன்றே முக்கால் அங்குலம் தொய்வு.
சோதித்துப் பார்க்கப் பென்சிலை வைத்தேன்.
உருண்டது,
பலகை இடுக்கில் விழுந்தது.

"விடுங்க அண்ணாச்சி, வேற வாங்கிக்கிடலாம்."

நெம்பினேன்.

பென்சில் ஆழத்துக்குப் போயிருக்கவில்லை.
போக இடமில்லை.
பலகைக்கும் மச்சுக்கும் நடுவே
நாலு விரற்கடைக்கு எழுத்து.
அறுபது வருஷமாகக் கை தவறியவை.
கால் ஒடிந்த ஞகரம், ஒற்றைக் கொம்புகள்,
காற்புள்ளிகள், செத்துக் குவிந்த எறும்பு போல,
மரண அறிவிப்புகளுக்குப் போடும் கறுப்புக் கரை.
எல்லாம் இடவலம் மாறி.
தொய்வு இந்தக் கனத்தில்தான்.

எழுபத்தொன்பது ஜூன்.
எஸ்.எஸ்.எல்.சி. முடிவு பார்க்க
சேரன்மாதேவியிலிருந்து சைக்கிள் மிதித்து வந்து
இந்த வாசலில் நின்றவன் நான்.
என் எண் 306187.
பேப்பரில் 306184 இருந்தது.
306191 இருந்தது.
நடுவில் 30618,
வால் அறுந்த பல்லியாக.
அந்த மொட்டை எண்ணுக்கு உரிமை கொண்டாட
என்னோடு வேறு சில பையன்களும் இருந்திருப்பார்கள்.
அப்பா ஒன்றும் கேட்கவில்லை.
மறுநாள் விடியுமுன்
அரிசி மில்லில் கொண்டுபோய் விட்டார்.
மூன்று நாள் உமி அள்ளினேன்.
நாலாம் நாள் ஆறாம் பக்கத்தில்,
மூல வியாதி லேகியத்துக்குக் கீழே
ஒரே வரி: திருத்தம்.
அதற்குள் காது மடலெல்லாம் உமி.

முட்டி போட்டு ஏழுகளைப் பொறுக்கினேன்.
பதினான்கு தேறின.
ஒன்றைக் கையில் அழுத்திப் பார்த்தேன்,
தோலில் நேராக விழுந்தது.
எது என்னுடையது என்று
எந்த ஏழும் சொல்லவில்லை.

"பழைய ஈயம் இப்ப கிலோ என்ன வெலைக்குப் போவுது?"
மாசானமுத்து கேட்ட விதத்தில்
அவருக்கு விலை தெரியும் என்று தெரிந்தது.
பதினான்கையும் உள்ளே போட்டுப்
பலகையைப் பொருத்தினேன்.
அவர் ஏறி நின்று மிதித்துக் கொடுத்தார்.

தொய்வுக்குக் காரணம்:
கரையான், ஈரம், வயது என்று
மூன்று கட்டம் அச்சடித்திருந்தது.
நான்காவதாக ஒன்று வரைந்து
சுமை என்று எழுதினேன்.
விவரம் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்.

மிச்ச ஆயுள், வருடங்களில்:
சூத்திரப்படி பூஜ்யம்.
மாசானமுத்துவிடம் பேனா இரவல் வாங்கி
7 என்று போட்டேன்.

பென்சில் உள்ளேயே கிடக்கிறது.