நான்காவது சிலிண்டர்

இருபத்திரண்டு வருடம் கடலில் இருந்தேன்.
கடலைப் பார்த்ததில்லை.

டர்பன் துறைமுகத்தில்
'ஆர்தர் கிளெக்' என்ற இழுவைக் கப்பலின் வயிற்றுக்குள்
எண்ணெய் விடுகிறவன் நான்.
மேலேயிருந்து மணி வரும்:
பாதி வேகம். நிறுத்து. பின்னால்.
பிளஃப் குன்று எந்தப் பக்கம் என்று கேட்டால் முழிப்பேன்.
இழுபடுவது சர்க்கரையா நிலக்கரியா,
அதை உள்ளங்கால் சொல்லிவிடும்.

ஒரு ஜூன் மாதம்
என்ஜினைத் தூக்கிப் பழைய இரும்புக்கு எடைபோட்டார்கள்.
அது கிடந்த குழியில்
அடிப்பாரத்துக்குத் தண்டவாளத் துண்டுகள்,
அதன்மேல் பலகை,
பலகைக்கு மேல் பன்னிரண்டு தொங்குபடுக்கை.
புகைக்குழாயை அறுத்த இடத்துக்குப் பக்கத்தில்
பாய்மரம் முளைத்தது.
பழைய பெயரைச் சுரண்டிவிட்டு
'உமோயா' என்று எழுதினார்கள். ஜூலுவில் காற்று.
என்னையும் சுரண்டி எழுதினார்கள்: சமையல்காரன்.
கோனா பீன்ஸ் கறி நன்றாக வைப்பான் என்று
எவனோ சொல்லியிருக்கிறான்.

முதல் பயணம். பதினாறு வயதுப் பிள்ளைகள்,
சாட்ஸ்வர்த், உம்லாசி, பைன்டவுன்.
அலைதடுப்புச் சுவர் தாண்டியதும்
நாலு பேர் வாந்தி எடுத்தார்கள்.
ஐந்தாவது நான்.
தோலகேலே வாளியை நீட்டினாள், சிரிப்பை அடக்காமல்:
"அங்கிள், நீங்க கப்பல்காரர்தானே?"

இரவு தூக்கம் இல்லை.
அந்த இரைச்சலில் எவனும் தூங்கலாம்,
இந்த அமைதியில் எப்படி?
கயிறு முனகுகிறது. தண்ணீர் நக்குகிறது.
எதற்கு எண்ணெய் விடுவது?
எழுந்து மேலே போனேன்.

இவ்வளவு பெரிசா இது.
யாரும் சொல்லவேயில்லையே.

மூன்றாம் நாள், உம்லாங்கா கலங்கரை விளக்குக்கு நேரே
காற்று செத்தது.
பாய்கள் கொடியில் போட்ட வேட்டியாய்த் தொங்கின.
நீரோட்டம் தன் இஷ்டத்துக்கு எங்களைத் தெற்கே தள்ளியது.
கேப்டன் ரேடியோவில் பேசினார்,
கடன் கேட்கிற குரலில்.

ஒரு கிழட்டு இழுவைக் கப்பல் வந்தது.
ஆயிரம் கப்பலை இழுத்தவள்
மூக்கணாங்கயிறு மாட்டிக்கொண்டு பின்னால் போனாள்.
ஓடம் ஒருநாள் வண்டியில் ஏறும் என்பார்கள்.
ஓடத்தின் பின்னால் ஓடம் போவதற்கு
என்ன பழமொழி?

முன்தளத்தில் அந்தக் கயிறு சுற்றிய இரும்புக் குற்றிமேல்
சும்மாதான் கை வைத்தேன்.

அட.

உள்ளங்கையில் ஏறி, முழங்கைக்கு வந்து,
பல் வரைக்கும்.
டுக் டுக் டுக், ஒரு தயக்கம்.
டுக் டுக் டுக், ஒரு தயக்கம்.

"தம்பீ! நாலாவது சிலிண்டர்!
இன்ஜெக்டரைப் பாரு!"

அவன் திரும்பிப் பார்த்தான்.
நன்றி சொல்கிறேன் என்று நினைத்து
தொப்பியைத் தூக்கி ஆட்டினான்.

நான் இன்னும் கத்திக்கொண்டிருந்தேன்.
கீழே பீன்ஸ் அடிப்பிடிக்கும் வாசம்.