ஒரு மில்லி, கால் மாத்திரை

பேரணாம்பட்டில் என் வேலை
தோலிலிருந்து முடியை எடுப்பது.
சுண்ணாம்பும் சல்பைடும் போட்டு
டிரம்மைச் சுற்றவிட்டால்
ஓர் ஆடு ஆயுசெல்லாம் வளர்த்தது
விடிவதற்குள் கஞ்சியாகி வாய்க்காலில் போகும்.
பதினொரு வருஷம்.
எடுக்கத் தெரியும், வைக்கத் தெரியாது.

முப்பத்திரண்டில்
ஹெல்மெட்டைக் கழற்றும்போதெல்லாம்
உள்ளே கொஞ்சம் நான் மிச்சமிருந்தேன்.
'தண்ணியில்லாத பாலாறு,
ராஜா இல்லாத கோட்டை,
அடுத்தது நம்ம கில்பர்ட் தலை' என்றார்கள்.
சல்பைடு வாடையில் சிரித்தால்
கண்ணில் நீர் வரும். வசதி.

வேலூர், ஆற்காடு சாலை மாடி கிளினிக்.
டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார்.
"ரெண்டு வழி. மேலே பூசலாம், உள்ளே விழுங்கலாம்.
எதையும் நிறுத்தக் கூடாது.
நிறுத்தினா வந்ததும் போயிடும்."
எங்கள் சீட்டுக் கம்பெனிக்காரரும் இதையேதான் சொன்னார்.

முதலில் பூச்சு.
காலையில் ஒரு மில்லி, இரவில் ஒரு மில்லி.
சொட்டுக்குழாயை உச்சிக்கு மேல் பிடித்துக்
குறிபார்த்தால் கண்ணாடி கையை மாற்றிச் சொல்லும்.
நெற்றியில் வழிந்து, புருவத்தில் தேங்கி,
தலையணையில் ஒரு தீவு.
ஆறாம் வாரம் இருந்ததும் கொத்தாகக் கொட்டியது.
"நல்ல அறிகுறி," என்றார்.
கொட்டினால் நல்லதென்று
என் செக்‌ஷனில் மட்டும்தான் சொல்வார்களென்று
நினைத்திருந்தேன்.
கிருபாவதி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிப் படுத்தாள்.
"ஒட்டுது. எனக்கு மீசை முளைச்சா யார் பொறுப்பு?"

முனவ்வர் மாத்திரைக்காரன், இரண்டு வருஷமாக.
எடைமேடை டீக்கடையில் குனிந்து காட்டினான்.
மழைக்கு மறுவாரம் ஆற்று மணலில் வருமே
அந்த மாதிரி, ஆனால் கறுப்பில்.
பிறகு டம்ளரைப் பார்த்தபடி
"மத்த விஷயம்தான் கொஞ்சம்..." என்றான்.
"எல்லாருக்கும் இல்லையாம்.
நூத்துல ஒண்ணு ரெண்டு பேருக்காம்."
அந்த ஒண்ணு ரெண்டு
என் எதிரே உட்கார்ந்து
பன்னை டீயில் நனைத்துக்கொண்டிருந்தது.

பூச்சு, வாசலில் நின்று பேசிவிட்டுப் போகும் ஆள்.
மாத்திரை உள்ளே வரும்.
உச்சந்தலைக்குத்தான் வந்தேன் என்று சொல்லிக்கொண்டே
ஒவ்வொரு அறையிலும் ஸ்விட்சைப் போட்டுப் பார்க்கும்.

அப்பாவின் டப்பாவிலும் அதே பெயர்,
ஐந்து மடங்கு.
ராத்திரி ஆறு முறை எழுந்தவர்
இப்போது இரண்டு முறை எழுகிறார்.
அவருக்கு மூத்திரம், எனக்கு முடி.
"நாலா வெட்டினா மாசம் முன்னூறு மிச்சம்,"
என்று கிருபாவதி பிளேடு எடுத்தாள்.
எவர்சில்வர் தட்டில் நீலத் தூள்.
விரல் நுனியால் ஒற்றி எடுப்பாள், வீணாகாமல்.

மூன்று மாதம்.
நான் அந்த ஒண்ணு ரெண்டில் இல்லை என்பதற்குச் சாட்சியாக
அவளுக்கு நாள் தள்ளிப்போனது.

வீட்டில் யார் யார் என்ன மாத்திரை என்று
எழுதிக்கொண்டே வந்த டாக்டரம்மா
பேனாவை நிறுத்தினார்.
"யார் வெட்டுறது?"

ஆண் குழந்தையாக இருந்தால், என்றார்.
உடைந்த மாத்திரை, தோல் வழியா, என்றார்.
தோல் வழியாக.
எது உள்ளே போகும், எது போகாதென்று
பதினொரு வருஷமாகக் கையுறையோடு நிற்கிறேன்,
எனக்கு.
"பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. இனிமே தொடாதீங்க."
அந்தப் 'பெரும்பாலும்'
குடியாத்தம் வரை பஸ்ஸில்
எங்களுக்கு நடுவே டிக்கெட் இல்லாமல் வந்தது.

அன்றிரவு தட்டு, பிளேடு, மேசைத் துணி,
அவள் விரல்கள் பத்து,
எல்லாம் நான் கழுவினேன்.
அப்பா தன்னுடையதைத் தானே
முழுசாகப் போட்டுக்கொள்கிறார்.
பூச்சு பாட்டில் அலமாரி மேலே, கால்வாசி.

இன்று காலை டிரம் திறந்தோம்.
ஒரு தோலில் மட்டும், கழுத்துப் பக்கம்,
நாலு விரல் அகலத்துக்குக் கறுப்பாய் நிற்கிறது.
'திருப்பிச் சுண்ணாம்புக்கு அனுப்பு,' என்றார் மேஸ்திரி.
கையுறையோடு பிடித்து
ஒருமுறை இழுத்துப் பார்த்தேன்.

வரவில்லை.