எட்டாவது இருக்கை

கராப்பிரோ ஏரியில் காலை ஐந்தே முக்கால்.
மூடுபனிக்குள் எட்டுப் பெண்கள்
படகைத் தலைக்குமேல் தூக்கி வருகிறார்கள்,
பதினாறு காலுள்ள பூச்சி ஒன்று
தண்ணீர் குடிக்க இறங்குவதுபோல.

எட்டாவது இருக்கை கெய்டாவுக்கு.
அந்த இருக்கைக்கும் ஸ்ட்ரோக் என்றே பெயர்,
அதில் உட்காருபவளுக்கும்.
அவள் தோள் அசைந்தால்
பின்னால் ஏழு தோள்கள் அசையும்.
அந்த ஏழு பேரை அவள் பார்ப்பதே இல்லை.

பயிற்சியாளர் லோர்னாவின் தகரப்படகில்
நான் ஸ்டாப்வாட்சோடு.
எங்கள் மோட்டார் டூ-ஸ்ட்ரோக்.
ஏறினால் ஒன்று, இறங்கினால் ஒன்று,
அவ்வளவுதான் அதன் கணக்கு.
எண்ணெயைப் பெட்ரோலோடு கலந்து குடித்துவிட்டு
நீலமாக இருமும்.

ஃபோர்-ஸ்ட்ரோக் வாங்குங்கள் என்பார் மெக்கானிக் ஹெமி.
உறிஞ்சு, அழுத்து, வெடி, துப்பு.
நாலில் ஒன்றுதான் உழைக்கும்,
மற்ற மூன்றும் அதன் சம்பளத்தில் சாப்பிடும்,
எங்கள் வீடு மாதிரி.

எதிர்க்கரை கோல்ஃப் மைதானத்தில்
ஸ்ட்ரோக் என்பது கடன்.
குறைவாக வைத்திருப்பவன் பணக்காரன்.
பந்தில் படாமல் காற்றை அடித்தாலும்
ஒன்று எழுதியே ஆகவேண்டும்.
ஓய்வுபெற்ற பால்பண்ணைக்காரர் ஒருவர்
இந்தப் பனியில்தான் ஆட வருகிறார்.
ஏனென்று எல்லோருக்கும் தெரியும்.

போன ஜூலைக் குளிரில்
ஹெமிக்கு வந்ததும் ஸ்ட்ரோக்தான்.
ஆஸ்பத்திரியில் அந்தச் சொல் காதில் விழுந்ததும்
வாயின் ஒரு பாதியால் கேட்டாராம்:
டூவா, ஃபோரா?
நர்ஸ் சிரிக்கவில்லை.

என் மொழியில் இவை
ஒரே கூரைக்குக் கீழ் குடியிருப்பதில்லை.
மட்டைக்கு அடி, நீச்சலுக்கு வீச்சு,
மூளைக்குள் அடைத்தால் வாதம்.
துடுப்பை மட்டும் வலிக்கிறோம்.
வலி என்றால் இழு.
வலி என்றால் பலம்.
மூன்றாவது பொருளுக்கு
கெய்டாவின் உள்ளங்கையைப் பார்த்தால் போதும்.

நடு ஏரியில் மோட்டார் நின்றது.
லோர்னா கயிற்றைப் பதினொரு முறை இழுத்தாள்.
பனிரெண்டாவதில் கயிறு அறுந்து கையோடு வந்தது.
எட்டுப் பேரும் எங்களை விட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள்.
படகு தெரியவில்லை.
கொண்டியில் துடுப்பு திரும்பும் சத்தம் மட்டும்,
டொக்.
பிறகு எதுவுமில்லாத ஒரு நீளம்.
டொக்.
நிமிடத்துக்கு முப்பது, முப்பத்திரண்டு,
முப்பத்திநாலு என்றேன்.
நான் சொல்லவே இல்லையே என்றாள் லோர்னா.
ஒலிபெருக்கியை மடியில் வைத்துக்கொண்டாள்.

திரும்பி வந்து
அவர்களே எங்களைக் கட்டி இழுத்துப் போனார்கள்.
வெட்கத்தில் மோட்டார் வாய் திறக்கவில்லை.

துறையில் ஹெமி.
இடது கை சட்டைப்பையில்.
எட்டு சிலிண்டர், புகையே இல்லை என்றார்.
பிளக்கைக் கழற்ற ரென்ச்சை நான் பிடித்தேன்,
பிசுக்கைத் துடைத்தது அவர் சட்டை.
புதுக் கயிற்றை வலது கையால் இழுத்தார்.
ஒன்றுமில்லை.
இன்னொரு தரம்.
இடது கையை வெளியே எடுத்து
வலதின் மேல் வைத்தார்,
சும்மா, ஒரு துணைக்கு.

இருமியது.

முகத்தின் இரண்டு பாதியும்
சேர்ந்தே சிரித்ததாகப் பட்டது.
பனி. சரியாகத் தெரியவில்லை.